சரியான நாற்காலி எங்கே இருக்கிறது? ஸ்டீரியோ ஸ்லைடு புரொஜக்டரும் ‘பார்வையாளன்’ என்ற கற்பிதமும்

1

எந்தக் கருவியும் தனக்கு முன்னால் உட்காரப்போகும் ஆளைக் கற்பனை செய்துகொண்டுதான் உருவாகிறது. அந்த ஆளுக்கு எத்தனை கண்கள், இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி, தலையை எப்படி நிமிர்த்தி வைத்திருக்க வேண்டும், எந்த வரிசையில் உட்கார வேண்டும் என்பதெல்லாம் லென்சையும் விளக்கையும் பொருத்தும்போதே முடிவாகிவிடுகின்றன. நாம் அரங்கிற்குள் நுழையும்போது நமக்குப் பதிலான ஆள் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருக்கிறான். ‘பார்வையாளன்’ என்று விமர்சனங்களில் சாதாரணமாக எழுதிவிட்டுப் போகிறோமே, அவனைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவனைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்கு சினிமாவை ஒதுக்கிவிட்டு, கொஞ்சம் பேர் மட்டுமே அறிந்த ஒரு கருவியை எடுத்துக்கொள்கிறேன்: ஸ்டீரியோ ஸ்லைடு புரொஜக்டர். ஒரே காட்சியை இடக்கண்ணுக்கு ஒன்று, வலக்கண்ணுக்கு ஒன்று என்று இரண்டு ஸ்லைடுகளாக எடுத்து, இரண்டையும் திரையில் ஒன்றின்மேல் ஒன்றாக விழச்செய்து, கண்ணாடி மாட்டிக்கொண்டவர்களுக்கு ஆழத்தைக் காட்டும் கருவி.

இதில் எனக்குச் சொந்த அக்கறை உண்டு. 1990களின் தொடக்கத்தில் எங்கள் ஊரில் ஸ்டூடியோ வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் இப்படி ஒரு கருவியைத் தானே கட்டினார். இரண்டு சாதாரண ஸ்லைடு புரொஜக்டர்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, இரண்டு லென்சுகளுக்கும் முன்னால் காமிராவுக்கான போலரைசர்களை எதிரெதிர்க் கோணத்தில் வைத்து, பிளைவுட் பலகையில் அலுமினிய பெயிண்ட் அடித்துத் திரையாக்கி, அட்டையில் கண்ணாடி வெட்டி, ஸ்டூடியோவின் பின்னறையில் பதினைந்து பேரைக் கூட்டிவைத்துக் காட்டினார். ஊருக்கு வெளியே இருந்த பாழடைந்த கல்மண்டபத்தின் யாளி. ஒரே காமிராவைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தி இரண்டு தடவை எடுத்தது. கல் அசையாது என்பதால் அது சாத்தியம். விளக்கை அணைத்ததும் அறை முழுக்க ‘ஆ’ என்றது. முன்வரிசையில் ஒரு பையன் கையை நீட்டித் தொடப் பார்த்தான்.

“தம்பி, தெரியுதா? தும்பிக்கை மூக்குக்கு முன்னால வந்து நிக்குதுல்லா?”

“இல்லண்ணாச்சி. படமாத்தான் தெரியுது.”

“கண்ணாடியச் சரியாப் போடுங்க.”

சரியாகத்தான் போட்டிருந்தேன். மாறுகண் என்று சிறுவயதில் வீட்டில் சொல்லி, பிறகு மறந்துபோன விஷயம் அன்றைக்குத்தான் எனக்கு முழுசாக விளங்கியது: என் இடது கண் பார்க்கிறது, ஆனால் மூளை அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்வதில்லை. கண் மருத்துவர் யாரும் சொல்லாததை ஒரு புரொஜக்டர் சொன்னது. அதாவது, படம் காட்டிய அந்தக் கருவி அதே நேரத்தில் என்னைப் பரிசோதித்து, தேறாதவன் என்று தள்ளியும் வைத்தது.

2

இரு கண்களும் பெறுகிற இரு வேறு பிம்பங்களிலிருந்துதான் ஆழ உணர்வு பிறக்கிறது என்பதை சார்லஸ் வீட்ஸ்டன் 1838இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கட்டுரையில் நிறுவினார். அவருடைய கண்ணாடி ஸ்டீரியோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தவை கோட்டுச் சித்திரங்கள். டாகேரின் புகைப்பட முறை வெளியானதே அடுத்த வருஷம்தான். டேவிட் ப்ரூஸ்டரின் லென்ஸ் பெட்டி 1851 லண்டன் கண்காட்சிக்குப் பிறகு வீடுகளுக்குள் புகுந்தது. அமெரிக்காவில் ஆலிவர் வென்டல் ஹோம்ஸ் 1859இல் இதைப் புகழ்ந்து எழுதி, 1861இல் மலிவான கைக்கருவி ஒன்றையும் வடிவமைத்து, அதற்கு உரிமக் காப்பு வாங்காமலே விட்டுவிட்டார். இவை எல்லாமே தனி ஆளுக்கான பெட்டிகள். முகத்தை உள்ளே புதைத்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் இருப்பவர் பார்ப்பதை நாம் பார்க்க முடியாது.

ஜோனதன் க்ரேரி 1990இல் வெளியிட்ட ‘பார்ப்பவரின் உத்திகள்’ என்ற நூலில் ஸ்டீரியோஸ்கோப் ஏன் முக்கியம் என்று விவாதிக்கிறார். இருட்டறைக் காமிரா காலத்துப் பார்வையில் உலகம் அங்கே, பார்ப்பவர் இங்கே என்று ஒரு நாடக மேடைபோன்ற ஒழுங்கு இருந்தது. ஸ்டீரியோஸ்கோப் அந்த மேடையைக் கலைத்துவிட்டது. ஆழம் என்பது வெளியே இல்லாமல் பார்ப்பவரின் உடம்புக்குள்ளேயே தயாராகிறது என்பது அவர் வாதம். நல்ல வாதம். ஆனால் அவர் நூல் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மையம் கொள்வதால், கவனம் பெட்டியோடு நின்றுவிடுகிறது. பெட்டி கலைத்த மேடையை மறுபடி கட்டிய கருவி ஒன்று உண்டு. 1858இலேயே பிரான்சில் ஜோசப் டால்மெய்தா மாஜிக் லாந்தரிலிருந்து சிவப்பிலும் பச்சையிலும் இரு பிம்பங்களைத் திரையில் சேர்த்து விழவைத்து, நிறக் கண்ணாடி மாட்டியவர்களுக்கு ஆழத்தைக் காட்டினார். தனியறைச் சமாச்சாரம் கூட்டத்துக்கு வந்தது. பார்ப்பவர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். ஆழம் உடம்புக்குள் தயாராகிறது என்ற வீட்ஸ்டனின் கண்டுபிடிப்போ அப்படியே நிற்கிறது. ஆக, ஒவ்வொரு உடம்புக்குள்ளும் தனித்தனியாகத் தயாராகும் ஒன்றை நூறு பேருக்குப் பொதுவாகக் காட்டுவது எப்படி? ஸ்டீரியோ புரொஜக்டர் வடிவமைப்பின் வரலாறு முழுவதும் இந்த ஒரே முரண்பாட்டின் வரலாறுதான்.

3

நிறக் கண்ணாடி முறையில் படத்தின் சொந்த நிறம் அடிபட்டுப் போகும். மாற்றாக, 1890களில் பர்மிங்காமின் ஜான் ஆண்டர்டன் ஒளியின் அதிர்வுத் திசையைக் கொண்டு இரு பிம்பங்களையும் பிரிக்கும் முறைக்கு உரிமம் பெற்றார். மெல்லிய கண்ணாடித் தகடுகளை அடுக்கிச் சாய்த்து வைத்தால் ஒளி ஒரே திசையில் அதிரும் ஒளியாக வடிகட்டப்படும். யோசனை சரி, சாமான் பாரம். 1930களில் எட்வின் லாண்டின் போலராய்ட் தாள் வந்த பிறகுதான் இது நடைமுறையானது. 1947இல் மில்வாக்கியிலிருந்து டேவிட் ஒயிட் கம்பெனி, செட்டன் ராக்வைட் வடிவமைத்த ‘ஸ்டீரியோ ரியலிஸ்ட்’ காமிராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டு 35 மி.மீ. லென்சுகள், நடுவே 70 மி.மீ. இடைவெளி, கோடக்ரோம் பிலிம். 1950களின் அமெரிக்க நடுத்தர வர்க்கம் தன் பிறந்தநாள்களையும் கார்களையும் பள்ளத்தாக்குப் பயணங்களையும் இதில்தான் ஆழத்தோடு சேமித்துவைத்தது. அந்த ஸ்லைடுகளை வரவேற்பறையில் காட்டத்தான் இரட்டை லென்ஸ், இரட்டை விளக்குப் புரொஜக்டர்கள் வந்தன.

இந்தக் கருவிகளின் உள்ளே நடப்பதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். போலரைசர் தன்மேல் விழும் ஒளியில் பாதிக்கு மேல் விழுங்கிவிடுகிறது. பார்ப்பவரின் கண்ணாடி இன்னும் கொஞ்சம். கடைசியில் கண்ணுக்கு வந்து சேர்வது மூன்றில் ஒரு பங்கு போல. ஆகவே 500 வாட் விளக்குகள் தேவைப்பட்டன. விளக்கு பெரிதானால் சூடு. சூட்டில் ஸ்லைடு புடைக்கும், போலரைசர் கருகும். ஆகவே மின்விசிறி, சூடு தாங்கும் கண்ணாடி. வெள்ளைத் துணித் திரை ஒளியின் அதிர்வுத் திசையைக் கலைத்துவிடும். இரண்டு பிம்பமும் இரண்டு கண்ணிலும் கலந்து பேய்போல் நிழலாடும். ஆகவே அலுமினியப் பூச்சுத் திரை. அலுமினியத் திரை நடுவில் உட்கார்ந்தவருக்கு ஒளியை வாரிக் கொடுக்கும். ஓரத்தில் உட்கார்ந்தவருக்கு மங்கலாகத்தான் கொடுக்கும். இரண்டு போலரைசர்களும் செங்குத்துக்கு இந்தப் பக்கம் 45 பாகை, அந்தப் பக்கம் 45 பாகை என்று சாய்த்து வைக்கப்படுகின்றன. பார்ப்பவர் தலையைச் சாய்த்தால் போச்சு, பிம்பங்கள் கலந்துவிடும். நிமிர்ந்து உட்கார், நடுவில் உட்கார், தலையை ஆட்டாதே. வகுப்பறையில் கேட்ட குரல் மாதிரி இல்லை?

ஒவ்வொரு தொழில்நுட்பத் தீர்வும் பார்ப்பவரின் உடம்பின்மேல் ஒரு புதிய நிபந்தனையாக வந்து இறங்குகிறது என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது. யாரும் சதி செய்யவில்லை. லென்ஸ், விளக்கு, திரை என்று வரிசையாக ஒவ்வொன்றுக்கும் நியாயமான விடை தேடிக்கொண்டு போனவர்கள், மிச்சமாகும் சிக்கலைத் தங்களால் திருத்த முடியாத ஒரே உறுப்பிடம், அதாவது உட்கார்ந்திருக்கும் ஆளிடம் தள்ளிவிட்டார்கள்.

4

இப்போது நாற்காலிக்கு வருவோம். காமிரா லென்ஸ் எந்தக் கோணத்தில் காட்சியைப் பார்த்ததோ அதே கோணத்தில் கண்ணும் பார்த்தால்தான் ஆழம் அகலத்தோடு பொருந்தும். அதாவது, படம் எத்தனை மடங்கு பெரிதாகிறதோ அத்தனை மடங்கு காமிரா லென்சின் குவியத் தூரத்தில் உட்கார வேண்டும். கைப்பெட்டியில் லென்ஸ் கண்ணோடு ஒட்டியிருப்பதால் இது பிரச்சினையே இல்லை. புரொஜக்டரில்? ரியலிஸ்ட் காமிரா லென்ஸ் 35 மி.மீ. வீட்டுப் புரொஜக்டரின் வழக்கமான லென்ஸ் 5 அங்குலம், அதாவது 127 மி.மீ. திரை 5 மீட்டர் தூரத்தில் இருந்தால் படம் ஏறத்தாழ 38 மடங்கு பெரிதாகும். சுமார் 80 செ.மீ. அகலம். 38ஐ 35ஆல் பெருக்கினால் 1330 மி.மீ. திரையிலிருந்து ஒன்றே கால் மீட்டருக்குக் கொஞ்சம் கூட. அதுதான் சரியான நாற்காலி. ஒரே ஒரு நாற்காலி. அதில் ஒருவர் உட்கார்ந்தால் பின்னால் இருப்பவர்களுக்கு அவர் தலைதான் தெரியும்.

3 மீட்டரில் உட்கார்ந்தவருக்கு ஆழம் இரண்டு மடங்குக்கு மேல் இழுபடும், பந்து முட்டையாகும். மிகவும் முன்னால் போனவருக்கு நசுங்கும், பந்து அப்பளமாகும். பக்கவாட்டில் இருப்பவருக்கு வெளி முழுவதுமே அவரை நோக்கிச் சாயும். திரைக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் யாளியின் தும்பிக்கை பதினைந்து பேரையும் தனித்தனியாக நோக்கி நீளும். எழுந்து நடந்தால் அதுவும் கூடவே திரும்பும். தட்டையான படத்தைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் ‘நான் பக்கவாட்டிலிருந்து பார்க்கிறேன்’ என்று மூளை ஈடுகட்டிக்கொள்ளும். ஸ்டீரியோ வெளியில் ஈடுகட்டுவது அவ்வளவு சுலபமில்லை. அந்த வெளி அந்த நாற்காலிக்கே உரியது.

ஜான் டி. ரூல் 1941இல் அமெரிக்க ஒளியியல் சங்கத்தின் இதழில் ஸ்டீரியோ திரைக்காட்சியின் வடிவகணிதத்தை எழுதினார். அந்தக் கணிதத்தை முழுக்கக் கடைப்பிடித்தால் ஒரே ஆளுக்குத்தான் காட்சி நடத்த முடியும். ஐரோப்பிய அரசவை அரங்குகளில் காட்சித் திரைகளின் கோடுகள் எல்லாம் மன்னரின் இருக்கையிலிருந்து பார்த்தால்தான் நேராகத் தெரியும் என்பார்கள். ‘சரியான’ ஸ்டீரியோ காட்சியின் அரசியலும் அதுதான். ஆனால் கேளிக்கை என்னவென்றால், இந்த அரங்கில் மன்னரின் இருக்கை காலியாகவே கிடக்கிறது. யாரும் அதில் உட்காருவதில்லை. எல்லோருமே தவறான இடங்களில் உட்கார்ந்து, தவறான வெளிகளைப் பார்த்து, ஒரே குரலில் ‘ஆ’ என்கிறார்கள். பதினைந்து பேர் பார்த்ததும் பதினைந்து யாளிகள். ‘பொதுவான காட்சி’ என்று நாம் அழைப்பது அந்த ‘ஆ’வில் மட்டுமே இருக்கிறது.

5

இதைவிடவும் கறாரான அளவு ஒன்று உண்டு. வெகுதொலைவில் உள்ள ஒரு பொருளைப் பார்க்கும்போது நம் இரு கண்களின் பார்வைக் கோடுகளும் இணையாகப் போகும். திரையில் அந்தப் பொருளின் இரு பிம்பங்களுக்கிடையே இடைவெளி கண்களுக்கிடையேயான இடைவெளியைத் தாண்டினால், கண்கள் வெளிப்பக்கமாக விரிய வேண்டிவரும். இயற்கையில் அதற்கு வேலையே கிடையாது. தலைவலி அங்கேதான் ஆரம்பம். வழக்கமாக எடுத்துக்கொள்ளும் எண் 65 மி.மீ. ஸ்லைடில் மிக அருகிலுள்ள புள்ளிக்கும் மிகத் தொலைவிலுள்ள புள்ளிக்கும் இடையே 1.2 மி.மீ. வேறுபாடு இருக்கலாம் என்பது ரியலிஸ்ட் அளவுப் படங்களுக்கு வழக்கத்தில் உள்ள வரம்பு. அருகிலுள்ள புள்ளியைத் திரையின் தளத்தில் வைத்துக்கொண்டால், 38 மடங்கில் தொலைப்புள்ளி 46 மி.மீ. பிரியும். நல்லது. அதே ஸ்லைடை அரங்கத்துக்குக் கொண்டுபோய் 15 மீட்டர் தூரத்தில் காட்டினால், 117 மடங்கு, 140 மி.மீ. திரை பெரிதாகிறது, படம் பெரிதாகிறது, ஆனால் மனிதர்களின் கண் இடைவெளி மட்டும் பெரிதாக மாட்டேன் என்கிறது. வரவேற்பறையில் சுகமாயிருந்த ஸ்லைடு அரங்கத்தில் வாதையாகிவிடலாம். புரொஜக்டரை அப்படியே ‘பெரிதாக்க’ முடியாது என்பதற்கு இதுதான் அடிப்படைக் காரணம்.

ஆனால் அந்த 65 யாருடையது? வளர்ந்த ஆண்களின் சராசரி ஏறத்தாழ 64, 65. பெண்களின் சராசரி அதைவிட 2 மி.மீ. போலக் குறைவு. குழந்தைகளுக்கு இன்னும் குறைவு. 65ஐ வரம்பாக வைத்துத் திருகாணியை முடுக்கினால், அப்பாவுக்கு இணையாக நிற்கும் பார்வை மகளுக்கு விரிந்துவிடும். ‘பார்வையாளன்’ என்று எழுதிக்கொண்டு வருகிறேன். அந்த ‘ன்’ விகுதி மொழியின் பழக்கதோஷம் மட்டுமல்ல, புரொஜக்டரின் அளவுகோலிலும் பொறித்திருக்கிறது.

அண்ணாச்சியின் கருவியிலும் இது நடந்தது. மேலே இருந்த புரொஜக்டரைக் கீழ்நோக்கிச் சாய்த்துத்தான் இரு படங்களையும் பொருத்த முடிந்தது. சாய்த்தால் படம் சரிவகமாகிவிடும். நடுவில் பொருந்தும், மூலைகளில் பொருந்தாது. பக்கவாட்டு வேறுபாட்டைக் கண்கள் ஆழமாக வாசிக்கும். மேல்கீழ் வேறுபாட்டை வாசிக்கத் தெரியாது, வலிக்கத்தான் தெரியும். லென்சுகளின் அச்சு இணையாகவே இருக்க, லென்சையோ ஸ்லைடையோ நகர்த்திப் பொருத்துவதுதான் முறையான வடிவமைப்பு. அவரிடம் அந்த வசதி இல்லை. தீப்பெட்டி அட்டையை மடித்து அடியில் செருகி, திரையைப் பார்த்து, மறுபடி செருகி, “எனக்குச் சரியா இருக்கு, இனி யாரும் தொடாதீய” என்றார். மூன்றாவது வரிசையில் ஒரு அக்கா கண்ணாடியைக் கழற்றி நெற்றியைப் பிடித்துக்கொண்டார். “ஒங்களுக்குப் பழக்கமில்ல, அதான்” என்று பதில் வந்தது.

அண்ணாச்சியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இருந்த சாமானில் அவர் செய்தது பெரிய காரியம். ஆனால் ‘எனக்குச் சரியா இருக்கு’ என்ற அந்த வாக்கியம்தான் எல்லாப் பார்வைக் கருவிகளின் அடியிலும் எழுதப்படாமல் எழுதியிருக்கும் வாக்கியம் என்று நினைக்கிறேன்.

6

இங்கே எனக்கு ஒரு சபலம் வருகிறது. அன்று அந்த அறையில் எல்லோரும் யாளியைப் பார்த்தார்கள். நான் ஒருவன்தான் திரையைப் பார்த்தேன், ஆகவே மாயையின் பின்னால் இருந்த கருவி எனக்கு மட்டுமே தெரிந்தது, விளிம்பில் இருப்பவனுக்கே உண்மை புலப்படும் என்றெல்லாம் முடித்துவிடலாம். நம் சிறுபத்திரிகைக் கட்டுரைகள் பலவும் இந்த இடத்தில் வந்து சுகமாக உட்கார்ந்துவிடுகின்றன. எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. நான் பார்த்தது உண்மை இல்லை. கொஞ்சம் இருட்டான ஒரு தட்டைப் படம், அவ்வளவுதான். அந்தப் பையனைப்போலக் கையை நீட்ட எனக்கும் ஆசையாக இருந்தது. இல்லாமையைத் தத்துவமாக்கிக்கொள்வது ஆறுதல் தரலாம், விமர்சனம் ஆகாது.

அமெரிக்க நரம்பியலாளர் சூசன் பேரி சிறுவயதிலிருந்தே மாறுகண் உள்ளவர். நாற்பது வயதுகளின் பிற்பகுதியில் கண்பயிற்சியின் மூலம் ஆழப்பார்வையைப் பெற்றார். ஆலிவர் சாக்ஸ் 2006இல் அவரைப் பற்றி எழுதினார். 2009இல் அவரே புத்தகம் எழுதினார். ஸ்டீரியோ படங்களின் தீராத ரசிகரான சாக்ஸோ புற்றுநோயில் ஒரு கண்ணின் பார்வையை இழந்து, ஆழத்தையும் இழந்து, 2010இல் அந்த இழப்பைப் பற்றி எழுதினார். ஒருவர் பெற்றார், ஒருவர் இழந்தார். ஆழப்பார்வை மனித இயல்பின் மாறாத அம்சம் அல்ல. வரும், போகும், சிலருக்கு வராமலே போகும். அப்படியிருக்க, அதை நிரந்தரத் தகுதியாக வைத்துக் கருவி செய்வது என்ன நியாயம்?

வடிவமைப்பவர்களால் செய்யக்கூடியவை உண்டு. படங்களின் பொருத்தத்தை இயக்குபவரின் கண்ணுக்கு விட்டுவிடாமல், சோதனைக் கட்டங்கள் பொறித்த ஸ்லைடு ஒன்றை முதலில் காட்டி, அளந்து சரிசெய்யலாம். தொலைப்புள்ளியின் வரம்பை 65இல் வைக்காமல், அறையில் இருப்பவர்களில் சின்னக் குழந்தையின் கண்களுக்கு ஏற்ப வைக்கலாம். ஆழம் கொஞ்சம் குறையும். வலி நிறையக் குறையும். இரண்டு பக்கமும் ஒரே திசைப் போலரைசர் உள்ள கண்ணாடிகள் சிலவற்றையும் வாசலில் வைக்கலாம். அதை மாட்டிக்கொண்டால் இரு கண்ணுக்கும் ஒரே பிம்பம்தான் வரும். தட்டையாக, தெளிவாக, வலியில்லாமல். ஆழம் வேண்டாதவரும் முடியாதவரும் வெளியே போகாமல் அதே அறையில் உட்கார்ந்து அதே யாளியைப் பார்க்கலாம். இதற்கு வேண்டியதெல்லாம் வேறு கோணத்தில் வெட்டிய ஒரு துண்டுத் தாள்தான்.

கோடக் நிறுவனம் 2004இல் ஸ்லைடு புரொஜக்டர் தயாரிப்பை நிறுத்தியது; கோடக்ரோம் பிலிமை 2009இல் நிறுத்தியது. ஸ்டீரியோ சங்கங்கள் இரண்டு டிஜிட்டல் புரொஜக்டர்களை வைத்துக்கொண்டு தொடர்ந்தன. அலுமினியத் திரை மாறவில்லை, 65 மாறவில்லை, காலியான நாற்காலியும் மாறவில்லை. விளக்கும் லென்சும் மாறிவிட்டதாலேயே ‘பார்வையாளன்’ மாறிவிட்டான் என்று நினைப்பதற்கில்லை.

அண்ணாச்சி ஸ்டூடியோவை மூடி ரொம்ப வருஷமாகிறது. கடைசியாகப் பார்த்தபோது அந்தக் காட்சியைப் பற்றிக் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அன்னைக்கி ஒங்களுக்குத் தெரியலன்னு சொன்னீயள்லா, அது எனக்கு ராத்திரி பூரா உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அட்டைய இன்னும் ரெண்டு மடிப்பு மடிச்சு வச்சிருந்தா தெரிஞ்சிருக்குமோன்னு” என்றார். தெரிந்திருக்காது. ஆனால் அட்டையை இன்னொருவர் கண்ணுக்காக மடிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே, அங்கிருந்துதான் வடிவமைப்பு தொடங்குகிறது என்பேன்.